இன்சூரன்ஸ் புதுப்பிப்பு: கெடு தாண்டினால் எதெல்லாம் போகும்?

வண்டி பாலிசிக்கு ஒரு நிமிடம்கூடச் சலுகை இல்லை. மருத்துவ பாலிசிக்கு 30 நாள் உண்டு, ஆனால் அது பாதிச் சலுகைதான். ஆயுள் பாலிசிக்கு ஐந்தாண்டு வரை வழி உண்டு, அதற்கும் ஒரு விலை உண்டு. தவணை தவறும்போது பறிபோவது அடுத்த ஆண்டின் பாதுகாப்பு மட்டுமல்ல, கடந்த ஆண்டுகளில் சேர்த்த உரிமையும்தான்.

கொல்லிமலையில் ஏற்றிய பலாவும் அன்னாசியுமாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிவந்த ஒரு சரக்கு வேன், இரவு பதினொன்றே முக்காலுக்குக் காளப்பநாயக்கன்பட்டியை விட்டு நாமக்கல் நோக்கிப் புறப்படுகிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் ஆர்.சி. நகலோடு மடித்து வைத்த பாலிசித் தாள். அதில் காப்பீடு முடியும் நேரம் அச்சாகியிருக்கிறது: அன்றைய தேதி, நள்ளிரவு. சேந்தமங்கலத்தை எட்டும் முன் மணி பன்னிரண்டு. டிரைவர் அதே ஆள், சரக்கும் அதே சரக்கு. ஆனால் பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் மோதியிருந்தால் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி தந்திருக்கும். பன்னிரண்டு இரண்டுக்கு மோதினால் வண்டி உரிமையாளர் தலையில் விழும். நான்கு நிமிட இடைவெளியில் லட்சக்கணக்கான ரூபாய் பொறுப்பு கை மாறிவிடுகிறது.

காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியில், ஒரே வீட்டில் ஆறேழு பாலிசிகள் இருப்பது இன்று சாதாரணம். பைக்குக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று, குடும்பத்தலைவர் பெயரில் ஆயுள் பாலிசி ஒன்று, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கொருமுறை பிடிக்கப்படும் இரண்டு அரசுத் திட்டங்கள், கறவை மாட்டுக்கு ஒன்று, மரவள்ளிக் காட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புதுப்பிக்கும் விதி வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான நஷ்டங்கள் தொடங்குகின்றன.

ஒப்பந்தம் எங்கே முடிகிறது?

காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஆயுள் காப்பீடு நீண்டகால ஒப்பந்தம். இருபது ஆண்டு பாலிசி என்றால் ஒப்பந்தம் ஒன்றே, தவணைகள்தான் பல. மோட்டார், மருத்துவம், கால்நடை, கடை ஆகியவற்றுக்கான பொதுக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு எழுதப்படுவது சட்டப்படி புதிய ஒப்பந்தம்.

இதற்கு அடிப்படை, 1938-ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டத்தில் உள்ள 64 வி.பி. பிரிவு. பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 'ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன்', 'நாளைக்குப் பணம் போட்டுவிடுகிறேன்' என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை.

கெடு நெருங்குகிறது என்று கம்பெனி ஞாபகப்படுத்தும் என்று காத்திருப்பதும் ஆபத்து. 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அறிமுகமான 'ஆரோக்ய சஞ்சீவனி' மருத்துவ பாலிசியின் வாசகமே இதைச் சொல்லிவிடுகிறது: நினைவூட்ட நிறுவனம் முயலும், ஆனால் நினைவூட்டியே ஆக வேண்டிய கடமை அதற்கு இல்லை. பாலிசி எடுத்தபோது கொடுத்த செல்போன் எண் மாறியிருந்தால் அந்த முயற்சியும் வீண்தான்.

வண்டி: கருணை நாள் கிடையாது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆம் பிரிவின்படி தேர்டு பார்ட்டி காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் வண்டி ஓடக் கூடாது. பிடிபட்டால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் அபராதம் இதில் மிகச் சிறிய பகுதி.

உண்மையான சுமை விபத்துக்குப் பிறகு வருகிறது. எதிராளி இறந்தாலோ காயமடைந்தாலோ தேர்டு பார்ட்டி பாலிசியில் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயம் விதிக்கும் தொகை எவ்வளவானாலும் கம்பெனி கட்டும். பாலிசி காலாவதியாகியிருந்தால் அதே தொகையை உரிமையாளர் கட்ட வேண்டும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துத் தொகை கணக்கிடப்படுகிறது. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால் அது எளிதில் பல லட்சங்களைத் தொடும். கட்டத் தவறினால் 174-ஆம் பிரிவு வருகிறது: தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும், நில வருவாய் பாக்கியை வசூலிப்பதுபோல அந்தத் தொகை வசூலிக்கப்படும். ஒரு வேனின் பிரீமியத்தைத் தள்ளிப்போட்டதற்கு, மரவள்ளி விளையும் காடு ஜப்திக்கு வரும் வழி இதுதான்.

இன்னொரு பிடியும் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் போதிய பிணையம் கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். இதற்கான விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விபத்து நடந்த பின் வண்டியை ஓட்டிச் சம்பாதித்து இழப்பீடு கட்டலாம் என்ற கணக்கும் அதோடு அடிபடுகிறது.

[பெட்டிச் செய்தி] 35 நிமிடம்

1991 டிசம்பர் 10. பிற்பகல் 2.20 மணிக்கு விபத்து. அதே நாள் 2.55 மணிக்கு அந்த வண்டிக்கு பாலிசி எடுக்கப்பட்டது. பாலிசியின் தேதியைப் பார்த்தால் விபத்து நாளும் அதுவே. ஆனால் தாளில் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடர்பான இந்த வழக்கில், நேரம் குறிப்பிடப்பட்ட பாலிசி அந்த நேரத்தில் இருந்துதான் உயிர் பெறும், முந்தைய நள்ளிரவுக்குப் பின்னோக்கிப் போகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை. இன்றைய ஆன்லைன் பாலிசிகளில் மணியும் நிமிடமும் தானாகவே பதிவாகிவிடுகின்றன.

செக் திரும்பினால்?

புதுப்பித்துவிட்டதாக நினைத்து ஏமாறும் சந்தர்ப்பமும் உண்டு. பிரீமியத்துக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் ஒப்பந்தத்தின் அடித்தளமே போய்விடுகிறது. கம்பெனி பாலிசியை ரத்து செய்து, அதை விபத்துக்கு முன்பே உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டால் பொறுப்பில் இருந்து விடுபடலாம் என்பது 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். தெரிவிப்பதற்கு முன்பே விபத்து நடந்துவிட்டால், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணம் தந்தாக வேண்டும் என்று 2012-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. செல்போனில் பணம் அனுப்புகிறவர்களுக்கும் பாடம் ஒன்றுதான்: கணக்கில் பணம் கழிந்துவிட்டது என்பதை நம்பாமல், பாலிசி எண் போட்ட தாள் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று தெரியும். போலி பாலிசித் தாளைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்.

போனஸும் போகும்

தேர்டு பார்ட்டி என்பது எதிராளிக்கு. சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் 'ஓன் டேமேஜ்' பிரிவு வேண்டும். ஆண்டு முழுக்க கிளெய்ம் எதுவும் கேட்காதவருக்கு அந்தப் பிரிவின் பிரீமியத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடி உண்டு. முதல் ஆண்டு 20%, பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50% ஆகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் இந்தச் சேமிப்பு முழுவதும் பூஜ்யம். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், ஐந்தாண்டு ஒழுங்காக ஓட்டியவர் 5,000 கட்டினால் போதும். தொண்ணூற்றோராவது நாளில் வருபவர் பத்தாயிரமும் கட்ட வேண்டும். கெடு தாண்டிய வண்டியை ஆய்வு செய்து புகைப்படம் எடுத்த பிறகுதான் ஓன் டேமேஜ் பிரிவைக் கம்பெனி எழுதும்.

இந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்கினால் கூடவே கொண்டுபோகலாம். வண்டியோடு சேர்த்துக் கைமாறாது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாகவே புதியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது என்பதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிக்கொண்டு வந்தால், வண்டி திருடுபோகும் நாளில் அந்த ரசீதுகளால் பயன் இருக்காது.

புதுப்பிக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒவ்வொரு ஆண்டும் வண்டியின் காப்பீட்டு மதிப்பு குறைகிறது: இரண்டாம் ஆண்டில் 20%, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50% தேய்மானம். ஐந்தாண்டு தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி மதிப்பை முடிவு செய்கின்றன. மதிப்பை மேலும் குறைத்துப் போட்டால் பிரீமியம் மலிவாகத் தெரியும். வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைப்பதும் அந்தக் குறைந்த தொகைதான்.

கோவையில் தொடங்கிய மாற்றம்

புதுப்பிக்கும் பழக்கத்தைச் சட்டத்தால் நீட்டித்த வழக்கு தமிழ்நாட்டில் இருந்து போனது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார். நாட்டில் உள்ள சுமார் 18 கோடி வண்டிகளில் 6 கோடிக்கு மட்டுமே தேர்டு பார்ட்டி காப்பீடு இருப்பதாக அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டது. புதிதாக வாங்கும்போது காப்பீடு இருக்கிறது. அடுத்த ஆண்டில் இருந்து விட்டுப்போகிறது. அதனால் 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டும் தேர்டு பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் ஒரு குழப்பமும் சேர்ந்து வந்தது. புதிய பைக்குகளின் பாலிசித் தாளில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கின்றன: ஓன் டேமேஜ் ஓராண்டு, தேர்டு பார்ட்டி ஐந்தாண்டு. 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று நம்பி இரண்டாம் ஆண்டில் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காதவரின் பைக் திருடுபோனால் ஒரு ரூபாயும் வராது. ஐந்தாண்டு முடியும்போது நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு. உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் தனிக் கெடு உண்டு. அதையும் தாளில் தேடிப் பார்க்க வேண்டும்.

[பெட்டிச் செய்தி] தேர்டு பார்ட்டி: ஆண்டுக்கு எவ்வளவு?

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம் (வரி தனி):

• பைக், 75 முதல் 150 சிசி வரை: 714 ரூபாய்
• பைக், 150 முதல் 350 சிசி வரை: 1,366 ரூபாய்
• கார், 1,000 சிசி வரை: 2,094 ரூபாய்
• கார், 1,000 முதல் 1,500 சிசி வரை: 3,416 ரூபாய்
• வாடகைச் சரக்கு வண்டி, மொத்த எடை 7.5 டன் வரை: 16,049 ரூபாய்
• வாடகைச் சரக்கு வண்டி, 40 டன்னுக்கு மேல்: 44,242 ரூபாய்

இந்த விகிதத்தை அரசு நிர்ணயிக்கிறது; எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். பேரம் பேச இடமிருப்பது ஓன் டேமேஜ் பிரிவில் மட்டும்.

மருத்துவக் காப்பீடு: 30 நாள் எதைக் காக்கும்?

மருத்துவ பாலிசிக்குக் கருணைக் காலம் உண்டு. மாதத் தவணை என்றால் 15 நாள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைக்கு 30 நாள். ஆனால் இந்த 30 நாளும் முழுப் பாதுகாப்பு என்று எண்ணுவது பெரிய தவறு. ஆண்டுக்கொருமுறை மொத்தமாகக் கட்டும் பாலிசி மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரல் 10-இல் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. ஏப்ரல் 20-இல் பிரீமியம் கட்டியாகிறது. பாலிசி தொடரும். ஆனால் ஏப்ரல் 10-ஆம் தேதிச் செலவுக்குப் பணம் வராது, ஏனென்றால் அந்த இருபது நாளில் ஒப்பந்தம் இல்லை. பாலிசி ஆண்டுக்குள் தவணையாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் கருணைக் காலத்திலும் பாதுகாப்பு நீடிக்கும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024-ஆம் ஆண்டு விதி.

அப்படியானால் அந்த 30 நாள் எதைக் காக்கிறது? கடந்த ஆண்டுகளை. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது அதிகபட்சம் 36 மாதம். பாலிசி அறுபது மாதம் இடைவிடாமல் ஓடிவிட்டால், 'நோயை மறைத்தீர்கள்' என்று காரணம் காட்டிக் கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால் மட்டும் மறுக்கலாம். 30 நாளுக்குள் கட்டினால் இந்த இரண்டு கணக்கும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். முப்பத்தோராவது நாளில் அவர் புதிய வாடிக்கையாளர்: மறுபடி விண்ணப்பம், மறுபடி உடல்நிலைக் கேள்விகள், மறுபடி முதல் மாதத்தில் இருந்து காத்திருப்பு. நாற்பத்தைந்து வயதில் பாலிசி எடுத்து ஐம்பத்தைந்தில் தவறவிட்டவருக்குப் பத்து ஆண்டு பிரீமியத்தைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பத்து ஆண்டு மூப்பு.

கம்பெனி மறுக்க முடியுமா?

'போன வருஷம் கிளெய்ம் வாங்கிட்டீங்க, இந்த வருஷம் புதுப்பிக்க மாட்டோம்' என்று மருத்துவக் காப்பீட்டில் சொல்ல முடியாது. முந்தைய கிளெய்ம்களைக் காரணமாகக் காட்டிப் புதுப்பிப்பை மறுப்பதை விதி தடை செய்கிறது. வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். காப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கேட்டால் தவிர, மறுபடி மருத்துவப் பரிசோதனை கேட்கவும் கூடாது. உயர்த்தினால் கூடுதல் தொகைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். மோசடி, உண்மையை மறைத்தல், தவறான தகவல் ஆகியவை மட்டுமே மறுக்கக் காரணங்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு நீதிமன்றத்தில் ஒரு முன்கதை உண்டு. முன்பு கிளெய்முக்காக வழக்குப் போட்ட ஒருவரின் மெடிக்ளெய்ம் பாலிசியைப் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா புதுப்பிக்க மறுத்தது. அவருக்குப் புதிய பாலிசி கொடுத்தால் போதும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2001-இல் ஏற்கவில்லை. புதிய பாலிசி என்றால் இடையில் வந்த நோய்கள் விலக்கப்பட்டுவிடும். ஆகவே பழைய பாலிசி முடிந்த தேதியில் இருந்தே, அதே நிபந்தனைகளோடு புதுப்பிக்க வேண்டும் என்றது.

நிபந்தனைகள் ஓசையின்றி மாறுவது இன்னொரு சிக்கல். பல ஆண்டுகளாகப் புதுப்பித்துவந்த ஒரு தம்பதியின் பாலிசியில், 2008-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின்போது ஆஞ்சியோபிளாஸ்டி செலவுக்கு உச்சவரம்பு நுழைந்தது. கிளெய்ம் கேட்டபோதுதான் இரண்டு லட்சம் ரூபாயோடு கதவு மூடப்பட்டது தெரிந்தது. மாற்றத்தைப் புதுப்பிக்கும் முன்பே தெரிவிப்பது கம்பெனியின் கடமை, தெரிவிக்காதது சேவைக் குறைபாடு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே புதுப்பிப்பு வந்ததும் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது வீண் வேலை அல்ல. அறை வாடகை வரம்பு, நோயாளி தன் கையில் இருந்து கட்ட வேண்டிய பங்கு, தனித்தனிச் சிகிச்சைகளுக்கான உச்சவரம்பு ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டியவை.

பிரீமியம் உயர்வுக்கும் ஒரு எல்லை வந்திருக்கிறது. ஒருவர் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காக அவருக்கு மட்டும் கட்டணத்தை ஏற்ற முடியாது. அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஏற்றலாம். அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே தன்னிடம் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரி 30-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையிட்டது. தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு இருந்த 18% ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் முழுதாக நீக்கப்பட்டுள்ளது.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பாலிசியை விட வேண்டியதில்லை. வேறு கம்பெனிக்கு மாற்றலாம். 2011 அக்டோபர் முதல் இந்த வசதி உண்டு. அதுவரை கடந்த காத்திருப்புக் காலமும் கூடவே போகும். ஆனால் புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் யோசிப்பவருக்கு அந்த ஆண்டு வாய்ப்பு போய்விட்டது.

ஆயுள் பாலிசி: உயிர்ப்பிக்கலாம், ஆனால்...

ஆயுள் காப்பீட்டில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் கருணைக் காலம். மருத்துவ பாலிசியைப்போல் அல்லாமல் இந்த நாட்களில் பாதுகாப்பு முழுதாக உண்டு. இறந்தால், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதன் பிறகுதான் பாலிசி லேப்ஸ் ஆகிறது.

லேப்ஸ் ஆனதை, முதலில் கட்டாமல் விட்ட தவணையில் இருந்து ஐந்து ஆண்டுக்குள் உயிர்ப்பிக்கலாம். பங்குச்சந்தையோடு இணைந்த யூலிப் என்றால் மூன்று ஆண்டு. பாக்கி, அதற்கு வட்டி, உடல்நிலை பற்றிய அறிவிப்பு, தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை. இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிவது. தெரியாத செலவு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இருக்கிறது. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு ஆகிவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் பாலிசியை உயிர்ப்பித்தால் அந்த மூன்று ஆண்டு, உயிர்ப்பித்த தேதியில் இருந்து மறுபடி எண்ணப்படும். பதினைந்து ஆண்டு பழைய பாலிசியும் சந்தேகத்துக்கு உட்பட்ட புதிய பாலிசி ஆகிவிடுகிறது.

உடல்நிலை அறிவிப்பில் எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்.ஐ.சி. தொடர்பான வழக்கு ஒன்று சாட்சி. 2011 ஏப்ரலில் தொடங்கிய பாலிசி. அக்டோபர் தவணை கட்டப்படவில்லை. 2012 மார்ச் 6-இல் பாலிசிதாரர் விபத்தில் சிக்கினார். மார்ச் 9-இல், விபத்தைச் சொல்லாமல் பாக்கி கட்டப்பட்டது. மார்ச் 21-இல் அவர் இறந்தார். அடிப்படைத் தொகையான 3.75 லட்சத்தை எல்.ஐ.சி. தந்தது, விபத்துக்கான கூடுதல் 3.75 லட்சத்தை மறுத்தது. விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இல்லை என்பதால் மறுத்தது சரியே என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடித்தது.

தொடர்ந்து கட்ட வசதி இல்லை என்றால் எல்லாம் போய்விடாது. சேமிப்பு சார்ந்த பாலிசியில், அதில் குறிப்பிட்ட குறைந்தபட்சக் காலம் முழுதாகக் கட்டியிருந்தால் அது 'பெய்டு-அப்' ஆகும். கட்டிய விகிதத்துக்குக் காப்பீடு நிற்கும். இருபது தவணை கொண்ட இரண்டு லட்ச ரூபாய் பாலிசியில் எட்டு தவணை கட்டியிருந்தால் 80,000 ரூபாய். வெறும் டெர்ம் பாலிசியில் இந்த வழி கிடையாது.

மே மாதக் கடைசியில் 456 ரூபாய்

பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய். சுரக்ஷா விபத்துக் காப்பீடு 20 ரூபாய். இரண்டும் 2015 மே 9-இல் தொடங்கியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு. இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. வங்கியோ அஞ்சலகமோ மே மாதக் கடைசியில் கணக்கில் இருந்து தொகையைத் தானாக எடுத்துக்கொள்ளும். அன்று கணக்கில் 456 ரூபாய் இல்லை என்றால் காப்பீடும் இல்லை. யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலி மட்டுமே வந்துபோகும் கணக்குகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. பள்ளி திறக்கும் செலவுக்காக மே மாதம் கணக்கைத் துடைத்தெடுக்கும் குடும்பங்களுக்கும் இதே ஆபத்து.

தவறவிட்டவர் பிறகு சேரலாம். ஜீவன் ஜோதிக்கு ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் 436, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் 342, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் 228, பிறகு 114 ரூபாய். ஆனால் மறுபடி சேர்ந்த முதல் 30 நாளில், விபத்து அல்லாத மரணத்துக்குப் பணம் கிடையாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்த வரிசையில் வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தரும் அந்தத் திட்டத்தில் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. குடும்பம் புதுப்பிக்கத் தேவையில்லை.

மாடும் மரவள்ளியும்

கால்நடை பாலிசியின் உயிர் மாட்டின் காதில் இருக்கிறது. காது வில்லையின் எண்தான் பாலிசியையும் மாட்டையும் இணைக்கிறது; வில்லை விழுந்தால் உடனே தெரிவித்துப் புதிது மாட்ட வேண்டும். பாலிசி தொடங்கிய முதல் 15 நாளில் நோயால் மாடு இறந்தால் இழப்பீடு இல்லை என்பது பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனை. கெடு தாண்டிப் புதிதாக எடுத்தால் அந்தப் பதினைந்து நாளும் மறுபடி வரும்.

பயிர்க் காப்பீட்டில் புதுப்பிப்பு என்பதே இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பருவத்துக்குப் பருவம், பயிருக்குப் பயிர் புதிதாகப் பதிய வேண்டும். விவசாயியின் பங்கு காரீப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2%, ரபிக்கு 1.5%, தோட்டக்கலை மற்றும் பணப்பயிர்களுக்கு 5%. பயிர்க் கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரீப் பருவம் முதல் இது விருப்பத்துக்கு உரியது. வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிரீமியம் பிடிக்கப்படும். கடன் வாங்காதவர் அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக நகலோடு தானே போய்ப் பதிய வேண்டும். போன ஆண்டு கட்டிய ரசீது இந்த ஆண்டு மழைக்குப் பதில் சொல்லாது.

[பெட்டிச் செய்தி] எந்த பாலிசிக்கு எவ்வளவு அவகாசம்?

• மோட்டார்: கருணைக் காலம் இல்லை. 90 நாளில் போனஸும் போகும்.
• மருத்துவம்: 30 நாள் (மாதத் தவணைக்கு 15). ஆண்டு பிரீமியம் கட்டுவோருக்கு இடைப்பட்ட நாட்களில் பாதுகாப்பு இல்லை. மூப்பு மட்டும் காக்கப்படும்.
• ஆயுள்: 30 நாள் (மாதத் தவணைக்கு 15), பாதுகாப்போடு. பிறகு ஐந்து ஆண்டு வரை உயிர்ப்பிக்கலாம்.
• ஜீவன் ஜோதி, சுரக்ஷா: மே 31-க்குள் கணக்கில் பணம் வேண்டும்.
• பயிர்: ஒவ்வொரு பருவமும் புதிய பதிவு.

மறுத்தால் எங்கே போவது?

புதுப்பிக்க மறுத்தாலும், புதுப்பித்த பாலிசியில் கிளெய்மை நிராகரித்தாலும் முதல் படி கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். போனில் பேசியது கணக்கில் வராது. கட்டிய ரசீது, பழைய பாலிசி, புதிய பாலிசி, வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றின் நகலும் சேர வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி தரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிப்பார். கம்பெனி நிராகரித்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கக் கூடாது. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். புகார்தாரருக்குத் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் உரிமை அப்படியே இருக்கும். மோட்டார் விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கான இடம் மட்டும் வேறு: அவர் போக வேண்டியது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு.